எண்ணெய்க்காரர் ஓடும் பதினொரு விநாடி

தென்காசி
18 ஜூன் 2025

மதிப்பிற்குரிய இயக்குநர் சிவனணைந்தபெருமாள் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். படம் முடிந்ததும் திரையில் ஒரு முகவரி போட்டு, கருத்தை அட்டையில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு அட்டை போதவில்லை, தாளில் எழுதுகிறேன். போனில் பேச எனக்கு வராது. எதிரில் இருப்பவர் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிடுவேன்.

என் பெயர் இசக்கிச்செல்வி. ஊர் குற்றாலம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான், பி.ஏ. ஆங்கிலம். இப்போது தென்காசியில் ஒரு இ-சேவை மையத்தில் இருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். எனக்காக எழுதும் முதல் மனு இது.

'துப்பு துரை' படத்தை ஞாயிறு பகல் காட்சி பார்த்தேன். படம் நன்றாக இருக்கிறது. மரியாதைக்காகச் சொல்லவில்லை. மோப்பம் தெரியாத நாய் தவறான வீடாகப் பார்த்துக் கூட்டிப்போவதும், துரை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துச் சமாளிப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. இடைவேளையில் பின்வரிசையில் ஒருவர், "நாய்க்கு மோப்பம் இல்ல, இவனுக்கு மூள இல்ல. நல்ல சோடிலே" என்றார். நானும் சிரித்தேன்.

இடைவேளைக்குப் பிறகு பதினொரு விநாடி வருகிறது. மேலேயிருந்து எடுத்திருக்கிறீர்கள். குற்றாலத்து ஆற்றுப் பாறையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர், ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், மறு கையில் வேட்டி, விழுந்தடித்து ஓடுகிறார். பின்னாலேயே உங்கள் நாய் பூச்சி. வழுக்குகிறார், எண்ணெய் முழுவதும் தலையில் கொட்டுகிறது, எழுந்து மறுபடி ஓடுகிறார். அதற்கு நாதஸ்வரம் வாசிக்க விட்டிருக்கிறீர்கள். தியேட்டரே எழுந்து நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் முகம் திரும்பியபோதுதான் அது என் அப்பா என்று தெரிந்தது.

அப்பா எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தார். "உங்க மொகம் படத்துல வருது அண்ணாச்சி" என்று உங்கள் ஆட்கள் சொல்லியிருந்ததால் புதுச் சட்டை போட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். நான் சிரித்ததைப் பார்த்தார்.

மறுநாள் அருவிக்குப் போகும் வழியில் அவர் வழக்கமாகப் பலகை போடும் இடத்தில் நான்கைந்து பையன்கள் நின்று நாய் மாதிரி குரைத்தார்கள். ஒருவன் போனை நீட்டி, "அண்ணாச்சி, ஒரு தடவ ஓடிக் காட்டுங்க" என்றான். அப்பா பலகையை மடக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை. இப்போதுதான் சீசன் தொடங்கியிருக்கிறது. இந்த மூன்று மாதம் அவர் தன் இடத்தில் நிற்காவிட்டால் வாடிக்கை ஆட்கள் வேறு கைக்குப் பழகிவிடுவார்கள். அடுத்த வருடம் அவர் பெயரைச் சொல்லித் தேடி வர யாரும் இருக்க மாட்டார்கள். அவர் பெயர் மணிமுத்து. முப்பத்தோரு வருடமாக இந்தத் தொழில்.

அந்தப் பதினொரு விநாடியைப் படத்திலிருந்து எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ம. இசக்கிச்செல்வி

*

சென்னை
27 ஜூன் 2025

அன்புள்ள இசக்கிச்செல்விக்கு,

இதுவரை வந்த அட்டைகளில் பாதிக்கு மேல் 'நாய் சூப்பர்' என்ற இரண்டே வார்த்தைதான். தாள் நிறைய எழுதியது நீ ஒருத்தி. மன்னிப்பெல்லாம் கேட்காதே. நானும் வீரகேரளம்புதூர்க்காரன்தான், அண்ணாச்சி என்றே எழுது.

உன் அப்பாவுக்கு நேர்ந்தது எனக்கு வருத்தம். குரைத்த பையன்கள் கையில் கிடைத்தால் நானே நாலு வார்த்தை கேட்பேன். ஆனால் அந்தக் காட்சியை எடுக்க முடியாது. வந்த அட்டைகளைப் பிரித்து அடுக்கிவைத்திருக்கிறேன். ஹீரோவைப் பற்றி எழுதியவர்களைவிட எண்ணெய்க்காரர் ஓட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் அதிகம். ராதாபுரத்திலிருந்து ஒருவர், மனைவி இறந்து எட்டு மாதம் கழித்து அந்த இடத்தில்தான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து அதைப் பிடுங்கச் சொல்கிறாயா?

சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பா சம்மதம் தெரிவித்துக் கைரேகை வைத்த தாள் எங்களிடம் இருக்கிறது. எந்த விதத்திலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து ம. இசக்கிச்செல்வி. உன் கடிதத்தில் இருக்கும் அதே கையெழுத்து.

படத்தை வெளியே விட்ட பிறகு அது பார்க்கிறவர்களுடையது. ஆகஸ்ட் பதினைந்தில் ஓடிடிக்குப் போகிறது, அதற்கு முன் கத்தரி வைக்க வழி இருக்கிறது. ஆனால் நான் அவர்கள் பேச்சைத்தான் கேட்பேன். அந்த இடம் வேண்டாம் என்று சொல்கிற பார்வையாளர்களைக் காட்டு, யோசிக்கிறேன்.

அன்புடன்,
சிவனணைந்தபெருமாள்

*

தென்காசி
6 ஜூலை 2025

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

ஆமாம், சாட்சிக் கையெழுத்து என்னுடையதுதான். படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் உங்கள் ஆள் வீட்டுக்கே அந்தத் தாளைக் கொண்டுவந்தார். முழுவதும் ஆங்கிலம். எங்கள் தெருவில் ஆங்கிலத் தாள் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். எல்லோரும் பார்க்க நான் சத்தமாக வாசித்தேன். 'எந்த விதத்திலும்' என்ற வரியையும் வாசித்தேன். "ஒண்ணுமில்லப்பா, படத்துல நீங்க தெரிஞ்சா பரவாயில்லையான்னு கேக்காங்க" என்று அர்த்தம் சொன்னேன். வாசிக்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு அது புரிந்திருக்கவில்லை. அப்பா என்னை நம்பி விரலை வைத்தார். அந்தத் தாளை நீங்கள் ஞாபகப்படுத்த வேண்டாம். நான் மறக்கவில்லை.

பார்வையாளர்களைக் காட்டச் சொன்னீர்கள். வேலை முடிந்து தியேட்டர் வாசலில் நோட்டுடன் போய் நின்றேன். முதல் நாள் ஒருவரிடமும் கேட்கவில்லை. எல்லா வண்டியும் வெளியே போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் கேட்டேன். ஒரே கேள்விதான்: அந்த எண்ணெய்க்காரர் ஓடும் இடம் எப்படி இருந்தது? நான் யார் என்று சொல்லவில்லை. சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன், எனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து.

கல்லூரிப் பையன்கள் மூன்று பேர்: "எந்தச் சேனல்க்கா? மைக்கக் காணோம்?" அந்த இடத்துக்காகவே இரண்டாம் தடவை வந்தார்களாம்.

புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர்: "படத்துல நடிச்சது ரெண்டே ரெண்டு. ஒண்ணு நாய், ஒண்ணு அந்த எண்ணெய்க்காரரு. மத்தவனெல்லாம் சம்பளம் வாங்கிருக்கான், அவ்வளவுதான்." அப்பாவை அவர் நடிகர் என்றே நினைத்திருக்கிறார். அப்படி நினைத்தவர்கள் பலர்.

அச்சன்புதூரைச் சேர்ந்த ராணுவக்காரர், விடுப்பில் வந்தவர்: "நாய்க்கு நல்ல டிரெயினிங். ஆனா அந்த ஆளு ஓடுதது நடிப்பு இல்ல. நாய்க்குப் பயந்து ஓடுதவன் திரும்பித் திரும்பிப் பாப்பான். இவரு ஒரு தடவகூட பின்னால பாக்கல. முன்னாலதான் எதையோ பாத்து ஓடுதாரு."

அவர் சொன்ன பிறகு நான் டிக்கெட் எடுத்து மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். உண்மைதான். அப்பா பின்னால் பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் ஓர் அம்மாவுடன் வந்த ஆறு வயதுப் பெண் குழந்தை: "நாய் கடிக்க ஓடல. வால ஆட்டிக்கிட்டே ஓடுது." அவள் அம்மா, "ஏட்டி, சும்மா கெட" என்றார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படத்தை எடுத்த உங்களுக்கு இது தெரியவில்லையா?

நான்காவது நாள் அருவிக்கரையில் நேந்திரம் சிப்ஸ் விற்கும் ஹைருன் பீவி அக்கா தங்கையுடன் படம் பார்க்க வந்திருந்தார். என்னைத் தெரிந்தவர். நான் கேள்வி கேட்பதற்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னத்துக்குப் புள்ள இவ்வளவு சிரிப்பு? அன்னைக்கு நான் அங்கனதான நின்னேன்" என்றார். அன்றைக்கு அந்தப் பாறையில் என்ன நடந்தது என்று முழுவதும் சொன்னார்.

அதை நான் இப்போது எழுத முடியாது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். "ஒரு ஆளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை. நான் எழுதினால் உங்களிடம் வேலை பார்க்கும் ஒருவருக்குப் பாதகம் வரலாம். அவர் வேலைக்கு ஒன்றும் வராது என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் சொல்வேன். இந்த முறை அர்த்தம் முழுவதும் புரிந்துகொண்டு வாசிப்பேன்.

இப்படிக்கு,
ம. இசக்கிச்செல்வி

*

சென்னை
12 ஜூலை 2025

இசக்கிச்செல்விக்கு,

என்ன விஷயம் என்றே சொல்லாமல் வாக்குக் கேட்கிறாய். தயாரிப்பாளர்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. நாய் வாலைப் பற்றி அந்தக் குழந்தை சொன்னது மட்டும் மண்டைக்குள் நின்றுகொண்டே இருக்கிறது.

அன்றைக்குப் பாறையில் நடந்த எதற்காகவும், என் குழுவில் உள்ள யாருடைய வேலையும் போகாது. சம்பளமும் குறையாது. அவரை யாரும் இழிவாகப் பேசவும் விடமாட்டேன்.

கையெழுத்து: சிவனணைந்தபெருமாள்
சாட்சி: ஷெர்லின், படத்தொகுப்பாளர்

இப்போது சொல்.

*

தென்காசி
16 ஜூலை 2025

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் தாளை மூன்று முறை வாசித்தேன். பிறகு அப்பாவிடம் வரி வரியாகச் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, "சம்பளமும் கொறையாதுன்னு போட்டிருக்கா?" என்பதுதான். போட்டிருக்கிறது என்றேன். அதன் பிறகுதான் பேசினார்.

போன வருடம் ஆகஸ்டில், படப்பிடிப்பு நடந்த அன்று, மதியத்துக்கு மேல் மலையில் திடீரென்று மழை. தண்ணீர் ஏறுகிறது என்று அபாயச் சங்கு ஊதியதும் எல்லோரும் கரைக்கு ஓடினீர்கள். நாயைப் பழக்கும் ஒலி முகம்மது, பூச்சியைக் கீழ்ப்பாறையில் ஒரு இரும்பு வளையத்தில் கட்டிப் போட்டிருந்தார். அவரும் கூட்டத்தோடு கரைக்கு ஓடிவிட்டார். கரையேறிய பிறகுதான் நாய் ஞாபகம் வந்திருக்கிறது. அதற்குள் திரும்பிப் போகக் கால் வரவில்லை. அழுதுகொண்டு நின்றாராம்.

அப்பா சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"தண்ணி பாறைக்கு வந்துட்டு. அது கெடந்து கத்துது. எல்லாரும் கரையப் பாத்து ஓடுதான். எனக்கு அந்தப் பாற வழுக்குத எடமெல்லாம் தெரியும். போயி அவுத்து விட்டேன். கயிறு நனைஞ்சு இறுகிட்டு, பல்லால கடிச்சுத்தான் அவுத்தேன். அவுத்ததும் நான் ஓடுதேன், அது என் பொறத்தாலயே வருது. பாவம், அதுக்கு வேற யாரத் தெரியும்?"

"கிண்ணத்த எதுக்குப்பா தூக்கிட்டு ஓடுனிய?" என்று கேட்டேன்.

"கையில இருந்துச்சு. அந்நேரம் கிண்ணத்த நெனைக்க முடியுமா?"

ஒலி முகம்மது அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, வெளிய சொல்லிராதிய, வேலைய விட்டுத் தூக்கிருவாவ, மூணு பொம்பளப் புள்ளய வச்சிருக்கேன்" என்று கெஞ்சியிருக்கிறார். அப்பா சரி என்றிருக்கிறார். கூட்டத்தில் சிலருக்கு அவர் ஓடியது தெரியும். ஏன் ஓடினார் என்று பக்கத்தில் நின்ற ஹைருன் பீவி அக்காவுக்கும் அந்த ஆளுக்கும்தான் தெரியும்.

தியேட்டரில் அத்தனை பேர் சிரித்தபோதும், பையன்கள் குரைத்தபோதும், அம்மா "அப்படி என்ன பயம் ஒமக்கு?" என்று கேட்டபோதும் அவர் வாய் திறக்கவில்லை. "எங்கிட்டயாவது சொல்லிருக்கலாமேப்பா" என்றேன். "நீ சிரிச்சதப் பாத்தேன். சரி, நல்லாத்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்" என்றார்.

உங்கள் தாளை என் நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ம. இசக்கிச்செல்வி

*

சென்னை
25 ஜூலை 2025

அன்புள்ள இசக்கிச்செல்விக்கு,

உன் கடிதம் வந்த அன்றே ஷெர்லினும் நானும் அந்த நாளில் எடுத்ததையெல்லாம் தேடினோம். பாலத்தின் மேல் வைத்திருந்த இரண்டாவது கேமராவை அணைக்காமல் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் பதிவாகியிருக்கிறது. கடைசிப் பதினொரு விநாடியை மட்டும் யாரோ தனியாக வெட்டி, 'சிரிப்பு' என்று பெயர் போட்டு வைத்திருந்தார்கள். நான் அதை மட்டும்தான் பார்த்தேன். சங்குச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது, ஒலியை எடுத்துவிடு என்று சொன்னது நான்.

முழுவதும் பார்த்தோம். நூறு பேர் கரையை நோக்கி ஓடுகிறார்கள். ஒரே ஒரு மனிதர் எதிர்ப்பக்கம் ஓடுகிறார். அந்த நூறு பேரில் நானும் இருக்கிறேன். என் செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிகிறது. ஷெர்லின் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒலி முகம்மதுவைக் கூப்பிட்டேன். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார். வேலையில்தான் இருக்கிறார். வாக்கை மீறவில்லை.

உன் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று இங்கே உட்கார்ந்து எழுதுவது எனக்கே மலிவாகப் படுகிறது. ஓடிடிக்குப் போகும் பிரதியில் அந்தப் பதினொரு விநாடியை எடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் இரண்டு நிமிடத்தையும் சங்குச் சத்தத்தோடு முழுதாகப் போடுகிறேன், மணிமுத்து என்று பெயருடன். எது வேண்டும் என்று நீ சொல். வேறு எது கேட்டாலும் செய்கிறேன்.

சிவனணைந்தபெருமாள்

*

குற்றாலம்
1 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். செருப்பு கழன்ற இடத்தில் மட்டும் அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. அம்மா, "ஓடுனது நீரு மட்டும் இல்ல போல" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பயத்தைப் பற்றி அம்மா அவரிடம் கேட்பதில்லை.

எடுத்துவிடவா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதைக் கேட்டவள் நான்தான். இப்போது வேண்டாம். "வெட்டிட்டா பாத்தவன் மறந்துருவானா?" என்றார் அப்பா. எனக்கும் அதுதான் தோன்றுகிறது. ராதாபுரத்துக்காரர் சிரித்த சிரிப்பும் அவரிடமே இருக்கட்டும். பதினொரு விநாடியை இருக்கிற இடத்திலேயே விடுங்கள். சிரித்து முடித்த உடனே அந்த இரண்டு நிமிடமும் வரட்டும். கடைசியில் பெயர் ஓடும் இடத்தில் போட்டால் எங்கள் ஊரில் யாரும் பார்க்க மாட்டார்கள், அதற்குள் வண்டி எடுக்கப் போய்விடுவார்கள். கட்டிப்போட்டது யார் என்று தெரியக் கூடாது. பாறையில் ஒரு நாய் கட்டிக் கிடக்கிறது, அவ்வளவு போதும். இது மகளாகச் சொல்வது இல்லை. படத்தை இரண்டு முறை பார்த்த ஒருத்தியின் கருத்து.

ஆனால் ஓடிடியில் அது வருவது ஆகஸ்ட் பதினைந்தில். அதற்குள் சீசனில் பாதிக்கு மேல் போய்விடும். அப்பா இன்னும் தொழிலுக்குப் போகவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து வருடா வருடம் வரும் வாடிக்கைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். முதுகு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் என்று நான் விடாமல் கேட்ட பிறகு சொன்னார்:

"சிரிக்கவன் ஒடம்பு ஒரு எடத்துல நிக்காதுட்டி. தலையக் குடுத்துட்டு, கண்ண மூடிக்கிட்டு, சும்மா இருக்கணும். அப்பத்தான் எண்ணெ உள்ள எறங்கும். இப்ப என் தலையப் பாத்தா எல்லாவனுக்கும் நாய் ஞாபகம் வருது. குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கவனுக்கு எப்படித் தேய்க்க?"

எனக்குத் தெரிந்து அவர் தொழிலைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். கையை நம்பி ஒருவர் தலையைக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. இத்தனை நாள் அவர் வருமானம் போகிறது என்றே நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வேறு எது கேட்டாலும் செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எத்தனையோ முறை வாசித்துவிட்டேன். கேட்கலாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். முதல் கடிதத்தில் இருந்த ஆள் இதைக் கேட்டிருக்க மாட்டாள். கேட்கிறேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி. அருவிக்குப் போகும் வழியில் கூட்டம் நெருக்கியடிக்கும் நேரம் அதுதான். அன்றைக்கு வருகிறேன் என்று அப்பா பெயருக்கு நீங்களே ஒரு அட்டை போடுங்கள். சொல்லிவைத்துவிட்டு வருகிற ஆளை அவர் இதுவரை காக்க வைத்ததில்லை. எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், எனக்குத் தெரியும். கேமரா வேண்டாம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம். படத்தை எடுத்தவர் இவர்தான் என்று போகிற வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். மன்னிப்பு, பேச்சு எதுவும் வேண்டாம், அப்பாவுக்கு அது சங்கடம். வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையில் உட்கார்ந்து உங்கள் தலையைக் கொடுங்கள். அவர் போதும் என்று சொல்லும்வரை கண்ணை மூடி, சிரிக்காமல், அசையாமல் இருந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ம. இசக்கிச்செல்வி